கேட்கும் கை

விதுசனின் மணிக்கட்டு முறிந்தபோது பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. உறைந்த மீன் பெட்டியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் பட்டியைக் கத்தியால் அறுத்தால் வருமே, அந்த அளவுதான். லண்டன் பிளேஸ்டோவில் உள்ளூர்க் கவுன்சிலுக்குச் சொந்தமான அந்த மண்டபத்தில் அன்று காலை பன்னிரண்டு பேர் தற்காப்புக் கலைப் பயிற்சியில் இருந்தார்கள். சத்தம் மூன்று பேருக்குத்தான் கேட்டது. முறிந்தவனுக்கு, முறித்த சிவானந்தனுக்கு, சுவரோரம் நின்ற நீலவேணிக்கு.

நீலவேணி அங்கே ஆசிரியை. வார நாட்களில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே எடுப்பது அவள் வேலை. முறிந்த எலும்பைப் படத்தில் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. விதுசனின் கையை இரண்டு விரலால் தொட்டாள். மண்டப வாசலில் கிடந்த விளம்பரப் புத்தகத்தைச் சுருட்டி அதன்மேல் வைத்து, தன் கழுத்துச் சால்வையால் கட்டினாள். மாணவி கௌசியைக் கூப்பிட்டுக் காரில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகச் சொன்னாள். அதன் பிறகு சிவானந்தனைப் பார்த்தாள். முகத்தை அல்ல, கைகளை.

எல்லோரும் விபத்து என்றார்கள். சிவானந்தனும் தலையை ஆட்டினான்.

அவனுக்கு வயது நாற்பத்தொன்பது. டாகன்ஹாம் பக்கம் ஓர் உறைபொருள் களஞ்சியத்தில் பெட்டி ஏற்றுகிறான். மைனஸ் இருபத்திரண்டு. ஒரு ஷிப்டில் அறுநூறு பெட்டி, பெட்டி இருபது கிலோ. இரண்டு உறை போட்டாலும் மூன்றாம் மணித்தியாலத்தில் விரல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அறிய வேண்டும். அங்கே பலம் ஒன்றுதான் பேசும். தூக்கத் தெரிந்தவன் இருப்பான், தெரியாதவன் இரண்டாம் கிழமை வரமாட்டான். ஆறு வருடத்துக்கு முன் முதுகு பிடித்துக்கொண்டபோது டொக்டர் ஏதாவது உடற்பயிற்சி செய் என்றார். தமிழ்க் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த துண்டைப் பார்த்து, மண்டபம் வீட்டுக்குக் கிட்ட என்ற ஒரே காரணத்துக்காக வந்தான்.

வெண்கொக்கு முறை என்றாள் நீலவேணி. சீனத்தின் தென்கரையிலிருந்து பிழைப்புக்காகக் கப்பலேறியவர்கள் மலாயாவுக்குக் கொண்டுவந்த முறை. அதைத் தொடங்கியதே ஒரு பெண்தான் என்பது அந்த முறைக்காரர்கள் சொல்லும் கதை. நீலவேணி ஈப்போக்காரி, சீனப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் டயர்க் கடை வைத்திருந்த ஒரு சீனர். அவரை அவள் சிஃபு, அதாவது ஆசான், என்பாள். கடைக்குப் பின்னால், பழைய டயர்களுக்கு நடுவே வகுப்பு. சுவரில் சிவப்பு மையில் ஐந்து விதிகள் எழுதியிருந்ததாம். முதல் விதியை அவள் முதல் நாளே புதியவர்களுக்குச் சொல்லிவிடுவாள். தெரிந்தே தீங்கு செய்தவனுக்கு இந்த வாசல் இல்லை. ஏன் என்று யாராவது கேட்டால் சிஃபு சொன்னதையே திருப்பிச் சொல்வாள்:

"பலம் லாரிக்கும்தான் இருக்கு. பிரேக் இருக்கறதாலதான் அதை ரோட்டுல விடறாங்க."

அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. வயதுக்கு மதிப்பில்லை. யார் முதலில் சேர்ந்தார்களோ அவர்தான் மூத்தவர். கௌசிக்கு இருபத்துநான்கு வயது, சிவானந்தனின் மூத்த மகளைவிட இளையவள். அவனுக்கு எட்டு மாதம் முந்திச் சேர்ந்தவள் என்பதால் மண்டபத்துக்குள் அவளை அவன் அக்கா என்று கூப்பிட வேண்டும். முதல் நாள் நாக்கு எழவில்லை. பிறகு பழகிவிட்டது. ஒருமுறை கடையில் அவளைக் கண்டு வாய் தவறி "அக்கா" என்று கூப்பிட, கூட நின்ற அவள் தாய் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

முதல் மூன்று மாதம் நிற்பது மட்டும். அதற்குப் பிறகு ஒட்டுக்கை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று முன்னங்கைகளை ஒட்டவைத்துச் சுழற்றுவது. தள்ளவும் கூடாது, ஓடவும் கூடாது. எதிராள் என்ன செய்யப் போகிறான் என்பதைத் தோல் வழியாகக் கேட்க வேண்டும். நீலவேணி அதைக் கேட்பது என்றுதான் சொல்வாள். சிவானந்தனுக்கு எது தொட்டாலும் பெட்டிதான். தொட்டதும் தூக்குவான், தூக்கிய உடனே விழுவான். நான்கு வருடம் இப்படிப் போயிற்று. கூலிவேலைக்காரனிடம் பலத்தைக் கீழே வைக்கச் சொல்வது சம்பளத்தைக் கீழே வைக்கச் சொல்வது போல. ஐந்தாம் வருடம் ஒரு சனிக்கிழமை, கண்ணை மூடிக்கொண்டு நின்றபோது, கௌசி பாரத்தை வலது காலுக்கு மாற்றப்போகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. அவள் இன்னும் மாற்றவில்லை. குளிரில் செத்துப்போன அந்த விரல்களுக்கு அது கேட்டது.

வீட்டுக்குப் போய் மனைவி சந்திரவதனாவிடம் சொன்னான். கறிக்கு உப்பு கூடினால் அது நாக்குக்குத் தெரியாது, ஊரார் கால் மாத்துறது மட்டும் கைக்குத் தெரியுதாக்கும் என்றாள் அவள்.

இந்த ஆண்டு நீலவேணி அவனை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாள். வகுப்புக்கு வருகிறவன் வேறு, சீடன் வேறு. சீடனாகிறவன் எல்லோர் முன்னும் மண்டியிட்டு இரண்டு கையாலும் தேநீர் நீட்டுவான். ஆசிரியர் வாங்கிக் குடித்தால், சிஃபு, அவருக்கு முந்தியவர், அவருக்கும் முந்தியவர் என்று போகும் பெயர் வரிசையின் அடியில் அவன் பெயரும் எழுதப்படும். லண்டனில் பதினோரு வருடமாக அவள் யாரிடமும் தேநீர் வாங்கியதில்லை. எட்டு வயது இளைய பெண்ணுக்கு முன்னால் மண்டியிடப் போகிறாயா என்று சொந்தக்காரர் சிரித்தார்கள். அவனுக்கு அது உறுத்தவில்லை. இந்த நாட்டில் அவனுக்குக் கிடைத்தது எல்லாம் இலக்கம். அகதி மனுவுக்கு ஓர் இலக்கம், களஞ்சியத்தில் ஓர் இலக்கம், ஆஸ்பத்திரியில் ஓர் இலக்கம். பெயரை யாரும் எங்கும் எழுதிவைக்கக் கேட்டதில்லை. வருகிற சனிக்கிழமை எழுதுவதாக இருந்தது.

அதற்கு ஏழு நாளுக்கு முன்னால்தான் இது.

விதுசன் சேர்ந்து ஐந்து மாதம். முப்பது வயது, குளியலறைகளுக்கு ஓடு பதிப்பவன், ஜிம்முக்குப் போய்த் திரட்டிய உடம்பு, வாய் ஓயாது. கெட்டவன் அல்ல. அன்று சிவானந்தனோடு ஒட்டுக்கை செய்யும்போது, இது சின்னப் பிள்ளைகள் கை தட்டி விளையாடுகிற மாதிரிக் கிடக்கே அண்ணை என்று சிரித்தபடி அவன் கன்னத்தில் மெல்லத் தட்டினான். பயிற்சியில் அது பிழையில்லை, இடைவெளி இருந்தால் தட்டலாம். இரண்டாம் தரமும் தட்டினான். மூன்றாம் தரம் தட்டியபோது பக்கத்தில் நின்ற இருவர் சிரித்தார்கள்.

நான்காம் தரம் கை வந்தபோது சிவானந்தனின் முன்னங்கை அதற்கு முன்பே அங்கே நின்றது. விதுசனின் மணிக்கட்டு திரும்பியிருப்பதும், அதற்குப் பின்னால் போக இடமில்லாததும், இன்னும் ஒரு விரற்கடை அமர்த்தினால் என்ன ஆகும் என்பதும் அவனுக்கு ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவாகக் கேட்டன. விட நேரம் இருந்தது. இருபது கிலோப் பெட்டியைப் பலகையில் இறக்குவதுபோல அமர்த்தினான்.

புதன்கிழமை மாலை வகுப்பு முடிந்தபின் நீலவேணி ஒரு படிவத்தை மேசையில் வைத்தாள். மண்டபத்தில் யாருக்காவது அடிபட்டால் எழுதிக் கொடுக்க வேண்டிய படிவம். பெயர், நாள், நேரம், அடிபட்ட இடம் எல்லாம் அவளே நிரப்பியிருந்தாள். எப்படி நடந்தது என்ற இடத்தில் மட்டும் எழுதவில்லை. அது உங்கள் கைக்குத்தான் தெரியும் என்றாள். சிவானந்தன் பேனாவை வாங்கி, கை வழுக்கியது என்று ஆங்கிலத்தில் எழுதினான். அவள் படித்தாள்.

"வழுக்கிடுச்சா அண்ணே?"

"ஓம்."

"அப்ப கைக்குக் கேக்கல."

"கேக்கேல்லை."

"சரி. கேக்காத கையிலேருந்து நான் டீ வாங்க முடியாது. இன்னும் ரெண்டு வருஷம் நில்லுங்க. ஒண்ணும் குறைஞ்சிடாது."

அவள் குரலில் கோபமும் இல்லை, சந்தேகமும் இல்லை. படிவத்தை மடித்துப் பையில் வைத்தாள். சனிக்கிழமை மண்டபக்காரரிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு விளக்கை அணைக்கப் போனாள்.

சிவானந்தன் பஸ்ஸில் கணக்குப் பார்த்தான். பொய்க்கு இரண்டு வருடம். உண்மைக்கு வாசலே இல்லை. இரண்டு வருடம் தாங்கக்கூடியதுதான். நாட்டை விட்டு வந்து இங்கே தங்க அனுமதித் தாள் கிடைக்கும்வரை அவன் பதினொரு வருடம் நின்றிருக்கிறான்.

வேலையிடத்தில் மன்னார்க் கஸ்பரிடம் நடந்ததைச் சொன்னான். வழுக்கியதாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான். கஸ்பர் கையுறையைக் கழற்றி அவன் முதுகில் தட்டினான். "பொடியன் கன்னத்தில தட்டுறான், நீ பாத்துக்கொண்டு நிக்கிறதே? நல்ல வேலை செய்தாய்" என்றான். சிவானந்தனுக்கு அது இனிப்பாக இருந்தது. அன்று ஷிப்ட் முடியும்வரை இனித்தது.

வெள்ளிக்கிழமை ஓய்வுநாள். அடிபட்டவனைப் பார்க்கப் போகாமல் இருப்பது முறையில்லை என்று சந்திரவதனா அப்பிளும் ஒரு போத்தல் நெஸ்ரமோல்ட் சத்துமாவும் வாங்கிக் கொடுத்து அனுப்பினாள். கோலியர்ஸ் வுட்டில் மேல்மாடி வீடு. விதுசனின் மனைவி றூபினி கதவைத் திறந்தாள். நடைவழி முழுக்க ஓட்டுப் பெட்டிகளும் பசைச் சாக்குகளும் அடுக்கிக் கிடந்தன. பதிக்க வேண்டிய வேலை நின்றுபோய்விட்டதென்று யாரும் சொல்லத் தேவையில்லை.

விதுசன் கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு சோபாவில் இருந்தான். சிவானந்தனைக் கண்டதும் எழும்பப் பார்த்தான். ஆறு கிழமையாவது ஆகும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதைச் சொன்னான். எடுத்த வேலைகளில் இரண்டு வேறு ஆட்களிடம் போய்விட்டதைச் சொன்னான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"என்ர பிழை அண்ணை. முழங்கையைக் கீழ விடு, கீழ விடு எண்டு எத்தினை தரம் சொன்னனீங்கள். நான் பகிடி விட்டுக்கொண்டு நிண்டனான். உங்களுக்கும் மனவருத்தம்."

றூபினி இவர் எப்பவும் இப்படித்தான், சொல்வழி கேட்கமாட்டார் என்று அவன் பக்கம் பார்த்துச் சொன்னாள். ஆறு நாளாக அதைத்தான் சொல்லியிருப்பாள் போல.

"இனி நான் வரேல்லை" என்றான் விதுசன். "என்ர கைக்கு உதெல்லாம் விளங்காது. எனக்குச் சரிவராது."

சிவானந்தன் அப்பிள் பையை மடியில் வைத்திருந்தான். அதைக் கீழே வைத்துவிட்டு, கவனமாக இரு என்று சொல்லிவிட்டு எழும்பலாம். யாரும் அவனைப் பிடிக்கப் போவதில்லை. படிவத்தில் வழுக்கியது என்று எழுதியாயிற்று. நீலவேணி இரண்டு வருடம் சொல்லியாயிற்று. ஆனால் இங்கே ஒருவன், தன் கையை முறித்தவனிடம், தன் கையில்தான் பிழை என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதை வாழ்நாள் முழுக்க நம்பவும் போகிறான். எலும்பு ஆறு கிழமையில் கூடிவிடும். இது கூடாது.

"உன்ர முழங்கை சரியாத்தான் கிடந்தது" என்றான் சிவானந்தன்.

விதுசன் நிமிர்ந்தான்.

"வழுக்கவும் இல்லை. முறியப் போகுது எண்டு எனக்குக் கேட்டது. கேட்ட பிறகுதான் அமத்தினனான்."

விதுசன் கட்டுப்போட்ட கையை மடிக்கு இழுத்துக்கொண்டான்.

"ஏன்?" என்றான் விதுசன்.

"நீ கன்னத்தில தட்டினாய். ஆக்கள் சிரிச்சவை."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

றூபினி அவன் பக்கம் திரும்பி நின்றாள். "இந்தக் கையாலதான் நாங்கள் சாப்பிடுறம், தெரியுமோ உங்களுக்கு? நீங்களும் கைவேலை செய்யிற ஆள்தானே?" அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவனுக்கு எளிதாக இருந்திருக்கும்.

பொலிசுக்குப் போவதென்றால் போகலாம், கேட்டால் தான் இல்லையென்று சொல்லமாட்டான் என்றான் சிவானந்தன். களஞ்சியத்தில் தனக்குக் கிழமைக்கு இரண்டு நாள் ஓய்வு, அந்த இரண்டு நாளும் வந்து ஓடு சுமக்கிறேன், பசை குழைக்கிறேன், என்ன சொன்னாலும் செய்கிறேன் என்றான். விதுசன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"வெளியில போங்கோ அண்ணை."

சனிக்கிழமை அவன் வகுப்புக்கு அரைமணி முந்திப் போனான். நீலவேணி தனியாகத் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். மூத்த மாணவர்கள் வந்து செய்ய வேண்டிய வேலை, ஆனால் யாரும் வருமுன் அவளே செய்துவிடுவாள். சிவானந்தன் படிவத்தைக் கேட்டான். அவள் தும்புத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தாள். எழுதியிருந்ததை ஒரு கோட்டால் வெட்டினான். அதன் கீழே, தெரிந்துதான் செய்தேன் என்று எழுதி, கையெழுத்து வைத்தான்.

அவள் நின்றபடியே படித்தாள். படித்து முடித்தபின்னும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்றாள். "சத்தத்துலேயே தெரிஞ்சுது. வழுக்கினா அப்படி சுத்தமா முறியாது."

"அப்ப ஏன் இரண்டு வருஷம் எண்டு சொன்னனீங்கள்?"

"நீங்க சொன்னதுக்கு நான் பதில் சொன்னேன். சொல்லாததுக்கு எப்படி பதில் சொல்றது?"

அவளும் களைத்திருந்தாள். இதைப் பார்த்தால் கவுன்சில் இனி மண்டபத்தைத் தராமலும் போகலாம், அது தன் பாடு என்றாள். பிறகு வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். கௌசி வரும் நேரம் ஆகிக்கொண்டிருந்தது.

"இந்த ஊருல நான் சொல்லிக் கொடுத்ததுல உங்க ஒருத்தர் கைக்குத்தான் காது வந்துச்சு" என்றாள். "அதனாலதான் இது பெரிசு. அஞ்சு மாசப் பையன் செஞ்சிருந்தா விபத்துன்னு விட்டிருப்பேன். கேக்கற கை செஞ்சா அதுக்குப் பேரு வேற. என் சிஃபு இருந்தா என்ன செஞ்சிருப்பாரோ அதையே நானும் செய்றேன். இன்னிலேருந்து வர வேணாம் அண்ணே."

"எவ்வளவு காலத்துக்கு?"

"காலம் சொன்னா நீங்க நாளை எண்ணிட்டு இருப்பீங்க. வேற ஒண்ணும் செய்ய மாட்டீங்க."

அவன் ஓம் என்றான். ஆறு வருடமாக மண்டபத்தை விட்டுப் போகும்போதெல்லாம் செய்ததுபோல, வலது கையை மூடி இடது உள்ளங்கையால் பொத்தி, தலை குனிந்தான். அவளும் அதேபோல் குனிந்தாள். இருவரில் யார் முதலில் நிமிர்ந்தது என்று இருவருக்கும் தெரியாது. வெளியே வந்தபோது கௌசி எதிரே வந்தாள். இன்றைக்கு நிற்கவில்லையா என்று கேட்டாள். இல்லை அக்கா என்று சொல்லிவிட்டு அவன் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான். வீட்டில் சந்திரவதனா சோறு போட்டுக் கொடுத்தாள்.

எட்டு நாள் கழித்து றூபினியின் போனிலிருந்து ஒரு விலாசம் வந்தது. ரெய்னர்ஸ் லேன், செவ்வாய், காலை ஏழரை. வேறு ஒரு சொல்லும் இல்லை. வேறு ஆட்களிடம் போகாமல் மிஞ்சியிருந்த வேலையை விதுசன் எடுத்து, ஓடு பதிக்க ஒரு போலந்துக்காரனைப் பிடித்திருந்தான். சுமப்பதற்கு ஆள் இல்லை. சிவானந்தன் சாமான் வானிலிருந்து மூன்றாம் மாடிக்குப் பெட்டிகளை ஏற்றினான். பழைய ஓட்டை உடைத்துச் சாக்கில் கட்டி இறக்கினான். முதல் மூன்று கிழமை விதுசன் அவனோடு பேசியது, அங்கே வை, இங்கே வை என்பதுதான். நான்காம் கிழமை மதியச் சாப்பாட்டுக்கு ஒரு ரொட்டியை அவன் பக்கம் தள்ளி வைத்தான். சிவானந்தன் எடுத்துச் சாப்பிட்டான்.

ஏழாம் கிழமை கட்டை அவிழ்த்துவிட்டார்கள். அந்தச் செவ்வாய் விதுசன் வரும்போதே முகம் தெளிந்திருந்தது. நீலவேணியோடு போனில் பேசினானாம், அடுத்த மாதத்திலிருந்து வகுப்புக்குப் போகப் போகிறானாம். மண்டபத்தைக் கவுன்சில் இன்னும் நிறுத்தவில்லையாம், கடிதம் மட்டும் போட்டிருக்கிறதாம். சொல்லிவிட்டு, பதிக்காத சுவரோரம் நின்று வலக்கையை நீட்டினான். கட்டுக்குள் கிடந்ததில் தோல் வெளுத்து, கை பாதியாக மெலிந்திருந்தது.

"ஒட்டிப் பாருங்கோ அண்ணை. முந்தின மாதிரிக் கிடக்கோ எண்டு சொல்லுங்கோ."

"நான் சொல்லித்தர ஏலாது. நீலவேணியிட்டைக் கேள்."

"சொல்லித்தர வேண்டாம். ஒருக்காத் தொட்டுப் பாருங்கோ. வேற ஆரிட்டைக் கேக்கிறது?"

சிவானந்தன் கையைக் காற்சட்டையில் துடைத்தான். முன்னங்கையை அவன் முன்னங்கையோடு ஒட்டவைத்தான். விதுசன் சிரித்துக்கொண்டிருந்தான். போலந்துக்காரன் ஓட்டை வெட்டுவதை நிறுத்திவிட்டு இருவரையும் பார்த்தான். இருவரும் ஒரு சுற்று சுற்றினார்கள். எலும்பு நன்றாகக் கூடியிருந்தது, மூட்டு கொஞ்சம் இறுக்கம், அது போகப்போகச் சரியாகும். அதற்குக் கீழே வேறு ஒன்று இருந்தது. சிவானந்தனின் கை சற்றே கனத்தபோதெல்லாம் அந்த மணிக்கட்டு பின்னால் ஒதுங்கியது. விதுசனுக்குத் தெரியாமல் ஒதுங்கியது.

சிவானந்தன் கையை எடுத்தான்.

"எப்பிடி?" என்றான் விதுசன்.

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "எலும்பு சரி" என்றான். "கை பயப்பிடுது. நீ சிரிக்கிறாய், கை பயப்பிடுது."

விதுசனின் சிரிப்பு நின்றது. தன் மணிக்கட்டைக் குனிந்து பார்த்தான்.

"ஓம்" என்றான் மெல்ல.

கீழே சாமான் வானில் இன்னும் பதினொரு பெட்டி இருந்தது. அவன் படியிறங்கிப் போனான்.